பேச்சு நிற்கக் கூடாது

"ஸ்வெர்ரே, இன்னைக்கும் செத்துட்டீங்க," என்றாள் தூரா.

ஸ்வெர்ரே மெய்நிகர் கண்ணாடியைத் தலையிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். மீன் செதில் ஒட்டிய தாடியைச் சொறிந்துகொண்டார். செத்துப்போனதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

"ஏணி கண்ணுல படல," என்றார்.

"ஏணிமேலதான் சாஞ்சு நின்னீங்க."



தூரா இந்தத் தீவின் மீன்தூள் ஆலைக்குப் பெர்கன் நகரத்திலிருந்து வந்து ஒரு வாரமாகிறது. அழுகிய மீன் கிடக்கும் தொட்டிக்குள் எப்படி இறங்குவது, எப்படி உயிரோடு ஏறி வருவது என்பதைச் சாப்பாட்டு அறையின் காய்ந்த தரையில் கண்ணாடியை மாட்டி நிற்க வைத்தே பழக்குவது அவள் வேலை. ஒருவர் உள்ளே இறங்குவார், மற்றவர் தொட்டி வாயில் காவல் நிற்பார். இருவருக்கும் இடையே பேச்சு நிற்கவே கூடாது. நின்றால், உள்ளே இருப்பவரை விஷவாயு சாய்த்துவிட்டது என்று பொருள். உடனே சங்கு அலறும்.

போன வருஷம் நிஜத் தொட்டியில் ஒருவர் சுருண்டு விழுந்து, பிணமாகத்தான் மேலே வந்தார். அதிலிருந்து, இந்தப் பயிற்சியில் தேறாத ஆளுக்குத் தொட்டி வேலை இல்லை.

மற்றவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். பகல் ஷிப்டில் ஸ்வெர்ரேயும் இரவு ஷிப்டில் ஒட்முன்னும் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்களைத் தூரா ஒரு ஜோடியாகப் போட்டாள். அங்கே பிடித்தது தலைவலி.

வேலை தெரியாத ஆட்கள் இல்லை. குழாயை அடைப்பது, காற்றைச் சோதிப்பது, அடிச்சேற்றை வாரிக் கொட்டுவது, எல்லாம் பாதி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் ஏறி வர வேண்டியதுதான் பாக்கி. ஸ்வெர்ரே ஏற மாட்டார். ஒட்முன்னும் ஏறி வா என்று சொல்ல மாட்டார். தொட்டி வாயில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைத் தரையில் சம்மணம் போட்டுவிடுவார்.

முதல் நாள், "முட்டி எப்படிடா இருக்கு?" என்று ஒட்முன் கேட்டது தூராவின் காதில் விழுந்தது. பேச்சு முட்டியிலிருந்து டாக்டருக்குப் போனது, டாக்டரிலிருந்து அவர் புதிதாக வாங்கிய படகுக்கு, படகிலிருந்து அயிலை மீனுக்கு. அதற்குள் சிலிண்டரில் காற்று தீர்ந்துவிட்டது. மறுநாள் ஸ்வெர்ரே பாலாடைக்கட்டியைப் பற்றிப் பேசியே செத்தார். இன்று உருளைக்கிழங்கு. யார் தோட்டத்தில் நோய் விழுந்தது, யார் தோட்டத்தில் விழவில்லை என்று பேசிக்கொண்டிருக்கும்போதே திரை சிவந்து, இறந்துவிட்டீர்கள் என்று எழுத்து வந்தது. அதன்பிறகும் ஸ்வெர்ரே நிறுத்தவில்லை. மேலே இருந்தவரும் பிணத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மீன் படகுகள் வந்துவிடும். அதற்குள் தொட்டியைக் கழுவியாக வேண்டும். இன்று மாலைக்குள் இவர்கள் தேறாவிட்டால், அந்த வேலை வெளியூர்க் குழுவுக்குப் போகும். இவர்கள் மூட்டை அடுக்கும் பிரிவுக்குப் போக வேண்டும். கூலி குறைவு, இந்த வயதில் இடுப்பும் தாங்காது. ஃபோர்மேன் ஹால்வார் காலையிலிருந்து மூன்று தடவை கதவைத் திறந்து, தேறிவிட்டார்களா, எப்படியாவது தேற வை என்று நச்சரித்துவிட்டுப் போனார். இதையெல்லாம் தூரா இருவரிடமும் உடைத்துச் சொன்னாள். இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"உங்க சிக்கல் எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றாள். "ரெண்டு பேரும் உயிர்ச் சிநேகிதக்காரங்க. வேற வேற ஷிப்ட், பாத்துக்க நேரமில்ல. அதான் எல்லாத்தையும் இங்க வந்து கொட்டித் தீக்கறீங்க."

ஸ்வெர்ரே ஜன்னலைப் பார்த்தார். ஒட்முன் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"துணையை மாத்துறேன். ஆளுக்கொரு வேற ஆள். அரை மணியில தேறிட்டு வீட்டுக்குப் போங்க."

ஸ்வெர்ரேயின் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப நான் மூட்டையே தூக்கிக்கறேன்," என்றார்.

"எனக்கும் ரெண்டு மூட்டை எடுத்து வைங்க," என்று ஒட்முன் காபி இயந்திரத்திடம் சொன்னார்.

ஒருவர் முன்கதவு வழியாகவும் மற்றவர் பின்கதவு வழியாகவும் வெளியே போனார்கள்.

தூராவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக ஹால்வாரின் அறைக்குப் போய், இப்படி இரண்டு வாயாடிகளை எந்த ஆலையிலும் பார்த்ததில்லை, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று பொரிந்து தள்ளினாள். எந்த வாயாடிகள் என்று அவர் கேட்டார். பெயர்களைச் சொன்னாள். பெயரை மாற்றிச் சொல்கிறாய் என்று சிரித்தார். அவள் அன்றைய பயிற்சியின் ஒலிப்பதிவைப் போட்டு, காதுக்கருவியை அவர் காதில் மாட்டிவிட்டாள்.

ஹால்வாரின் சிரிப்பு நின்றது. கையில் இருந்த காபி ஆறியது. உருளைக்கிழங்கு முடியும்வரை அவர் அசையவில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காதுக்கருவியைக் கழற்றினார்.

"ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்கம்மா. ஒருத்தன் பனியை வாரி இன்னொருத்தன் வாசல்ல தள்ளிட்டான்னு சண்டை. வருஷக்கணக்கா ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவைப் புதைச்சப்பகூட யார் எந்தப் பக்கம் பெட்டியைப் பிடிக்கறதுன்னு என்கிட்டதான் சொல்லி அனுப்பினாங்க. உன் சங்குக்குப் பயந்து வாயைத் திறந்திருக்காங்க."

தூரா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை தொட்டியை வெளியூர்க்காரன் கழுவட்டும்," என்றார் ஹால்வார். "பேச்சு இப்பதான் உருளைக்கிழங்குக்கு வந்திருக்கு. அந்தப் பனிக்கு வந்து சேர்ற வரைக்கும் அவங்களைத் தேற விட்டுடாதே."