நூல்கட்டை ராணி

"சதுரங்கக் காயளை ஒருக்கா வெளியிலை எடுங்கோ மாமா, பாக்கோணும்."

அந்த வீட்டில் இதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று அம்மா அன்னபூரணம் வாசல் படலை வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். மீனாம்பிகை தேத்தண்ணி வாயில் படுமுன்னமே கேட்டுவிட்டாள்.

பொம்பிளை பார்க்க மாப்பிள்ளை வீட்டார் போவதுதான் வழக்கம். மாப்பிள்ளையின் அப்பா தியாகலிங்கத்தாரின் கால் ஏழைச் சொந்தக்காரரின் முற்றத்தில் படாது. அதனால் ஆமியின் கெலிகொப்டர் சுற்றாத நல்ல நேரம் பார்த்து, பொம்பிளையே புளியங்கூடலிலிருந்து சைக்கிள் உழக்கிச் சரவணைக்கு வந்திருந்தாள். கம்பஸ் பட்டமும் ரீச்சர் உத்தியோகமும் இல்லாவிட்டால் அதற்கும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வந்த கையோடு அவரின் பெண்சாதி இராசமணி மாமி அவளைச் சாமியறைக்குக் கூட்டிப்போயிருந்தாள். வெள்ளிக்கிழமை. நடுவில் சாண் உயரமில்லாத அம்மன். முகம் முழுக்கச் சந்தனம், உடம்பு முழுக்கச் சிவப்புப் பட்டு.

"பன்ரண்டு வருசத்துக்கு முன்னம் கிணறு இறைக்கேக்கை சேத்துக்குள்ளையிருந்து தானா வந்தவ. வெள்ளிக்கு வெள்ளி பொங்கல். உவருக்கு நம்பிக்கையில்லை, இந்தப் பக்கம் எட்டியும் பாரார்."

மீனாம்பிகை நிலம் முட்டக் குனிந்து கும்பிட்டாள். விலகிக் கிடந்த பட்டின் ஓரத்தையும் இழுத்துச் சரிசெய்தாள். மாமிக்குப் பரம திருப்தி.

இப்போது தியாகலிங்கத்தார் அலுமாரியைத் திறந்தார். பெண்சாதிக்குக்கூடத் தொட அனுமதியில்லாத அலுமாரி.

"ஒல்லாந்தர் காலத்துப் பீங்கான், பிள்ளை. பதினாறு காலாளுக்கும் பதினாறு முகம். ஒருத்தன் கொட்டாவி விடுறான், ஒருத்தன் அழுறான். சண்டைக்குப் போறவனெல்லாம் வீரனில்லையெண்டு செய்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அழகுதான், இல்லையென்று சொல்ல ஏலாது. குதிரைகள் மூக்கு விடைத்து நின்றன. வெள்ளை ராசா மட்டும் பெண்சாதியைத் தொலைத்தவன் முழியோடு நின்றார். பக்கத்துக் கட்டத்தில் ராணிக்குப் பதிலாக ஒரு நூல்கட்டை.

மீனாம்பிகை ராசாவைத் தூக்கிப் பார்த்தாள். அடிவிளிம்பைச் சுற்றி நீல மீன்கள்.

"எல்லாத்திலையும் இந்த மீன் இருக்கோ மாமா?"

"ஓம். ராணியிலையும் இருந்தது. கொம்மா அன்னபூரணம் எங்கடை குசினியிலை சமையலுக்கு நிண்ட காலத்திலைதான் அது காணாமல் போனது. தூசு தட்டினது அவ ஒருத்திதான்."

ராணியின் பேச்சு வந்ததும், அந்தக் காலத்தில் கிணற்றடியே கதியாக விளையாடித் திரிந்த மாப்பிள்ளை சிவகுரு தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

"எங்கை வித்தவ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லும். எல்லாத்தையும் மறந்து நாள் வைப்பம். ராசா ஓரடி வைக்கிற கிழடு, பிள்ளை. ராணிதான் ஆட்டம்."

பதின்மூன்று வருசமாக அன்னபூரணத்துக்கு ஊரில் கள்ளி என்று பேர். திருவிழாவிலும் கடைசி வரிசையில்தான் நிற்பாள்.

மீனாம்பிகை ராசாவை நூல்கட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டத்தில் வெற்றிலையோடு கிடந்த தன் சாதகத்தை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"என்ன பிள்ளை, சாதகத்தை ஏன் எடுக்கிறீர்?" மாமி பதறினாள்.

செருப்பை மாட்டி, சைக்கிளைப் படலைக்கு வெளியே தள்ளிய பிறகுதான் அவள் திரும்பினாள்.

"மாமியின்ரை அம்மன்ரை பட்டை ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ மாமா, மீன் தெரியும்."