லிட்டருக்கு ஒன்பது

அந்தப் பழைய சின்னக் கார் மூன்றாவது முறையாக வந்து நின்றதும் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது.

“லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் குடுக்குது. என்னத்தப்பா சரி பண்ணின?” என்றார் பெரியவர்.

“பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசு சார். டயர்ல காத்தும் சரியா இருக்கு. நான் ஓட்டினப்ப பதினேழு குடுத்துச்சு. உங்ககிட்ட மட்டும் ஏன் முறைச்சுக்குது?”

“நான் நாப்பதைத் தாண்டறதே இல்ல.”

“ஏசி?”

“அது வேலை செஞ்சாத்தானே போடறதுக்கு!”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “எங்கயாவது இன்ஜினை ஆஃப் பண்ணாம நிறுத்தி வைப்பீங்களா?”

பெரியவர் சுத்தமாயிருந்த ஸ்டியரிங்கைத் துடைக்கத் தொடங்கினார்.

“தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம். பொண்ணு வீட்டுக்கு எதிர்ல.”

“பொண்ணு வீடுதானே? ஆஃப் பண்ணிட்டு உள்ள போக வேண்டியதுதானே சார்?”

“அவ கல்யாணத்துக்கே நான் போகலப்பா. இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது? பேத்தி பால்கனில விளையாடுவா. பார்த்துக்கிட்டே இருப்பேன். பொண்ணு வெளிய வந்தா சட்டுனு நகரணும். ஆஃப் பண்ணிட்டா இந்த வண்டி லேசுல கிளம்பாது.”

மெக்கானிக் பானெட்டை மெல்ல மூடினான்.

“இன்னிக்கு அங்க போனதும் ஆஃப் பண்ணிடுங்க சார். கிளம்பலைன்னா, உங்க பொண்ணே இறங்கி வந்து தள்ளட்டும்.”