பெரிய குழாயின் பின்பக்கம்

மணியடிப்பவர்தான் டார்ச் பிடித்தார். வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

தேவாலயத்தில் பாட்டுக்கு வாசிக்கும் குழாய் ஆர்கனின் மரக்கூட்டுக்குள் நாங்கள் இருவரும் ஒருக்களித்து நின்றிருந்தோம். ஈர நாற்றம், எலிப்புழுக்கை.

சாலையை அகலப்படுத்த இந்தத் தேவாலயத்தை இடிக்கப்போகிறார்கள். ஆர்கனுக்கு நூறு வயது ஆகிவிட்டது என்று, அதன் வயதை ஆராய வந்த நான் எழுதிக் கொடுத்தால் யாரும் கைவைக்க முடியாது. பின்னால் இருக்கும் கல்லறைகளும் பிழைக்கும். மணியடிப்பவரின் மனைவியை அங்கே அடக்கம் செய்து எட்டு மாதம்தான் ஆகிறது என்று பாதிரியார் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து தேடுகிறேன். பதிவேடுகள் வெள்ளத்தில் போய்விட்டன. மரக்கூடு கரையான் தின்று பிற்பாடு மாற்றியது. வாசிக்கும் கட்டைகள் புதுசு. துருத்தி அதைவிடப் புதுசு.

மிச்சம் இந்தப் பெரிய குழாய் மட்டும்தான். செய்தவர் தன் பெயர், ஊர், வருடம் மூன்றையும் இதன் பின்பக்கம் கீறி வைப்பது வழக்கம்.

வருடம் இருந்தது. 1788.

சந்தோஷப்பட ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. குழாய்த் தகடு தட்டையாக இருக்கும்போதே கீறிவிட்டு, பிறகுதான் அதைச் சுருட்டி ஈயத்தால் பற்றவைப்பார்கள். எழுத்தின் மேல் ஈயம் ஏறியிருக்கும். இங்கே ஈயத்தின் மேல் வருடத்தின் கடைசி எட்டு ஏறியிருந்தது; யாரோ பிற்பாடு கீறியது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை என்ன கேனையன் என்று நினைத்தார்களா?

டார்ச் பிடித்திருந்த கையைப் பார்த்தேன்; விரல் நுனியெல்லாம் தேய்ந்து சிவந்திருந்தது. கோபம் தணிந்துவிட்டது.

"ஐயா, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

அவர் மறைக்கவில்லை. "ஏதோ பேரு, ஊரு. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. வருஷம் மட்டும் புரிஞ்சுது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. எங்க தாத்தா பொறந்த வருஷம் சார். இதெல்லாம் ஒரு பழசான்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

பதினொன்று போதும். தாராளமாகப் போதும்.

பழசாக இருந்தால் தேவாலயம் தப்பிக்கும் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு பழசு என்று மணியடிப்பவரிடம் யார் உட்கார்ந்து விளக்கப்போகிறார்கள்?

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டார்ச்சை வாங்கிச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். பழைய கீறல் ஒன்றுகூட மிச்சமில்லை. மனிதர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை போலும்.

அவர் வாய்ச்சொல்லை அறிக்கையில் எழுத முடியாது. எழுதினாலும், பொய் வருடம் கீறியவரின் பேச்சை எவன் நம்புவான்?

'வயதை நிறுவச் சான்று இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எத்தனை வருஷம் ஆகியிருக்கணும் சார்?"

"முந்நூறு" என்றேன்.