ரேகை விழுந்த கோப்பை

பீங்கான் கம்பெனியில் கோப்பைகளைப் பளபளப்புக் குழம்பில் முக்கி எடுத்து எடுத்து அமிர்தத்தின் விரல்நுனிகள் தோலுரிந்துகொண்டே இருந்தன. ரேகை அழிந்து, சோறு பிசைந்தாலே எரிந்தது. ஒருநாள் சூளையில் வெந்து வந்த கோப்பை ஒன்றில் அவளுடைய கட்டைவிரல் ரேகை, அரிவாள்மணைத் தழும்போடு அப்படியே இருந்தது. கோப்பையிலிருந்த அந்த ரேகைமேல் தேங்காயெண்ணெய் தடவினாள். விரலில் எரிச்சல் அடங்கியது. கோப்பையைக் கோணிக்கடியில் ஒளித்துவைத்துத் தினமும் தடவிவந்தாள்.

இன்று கோணிக்கடியில் ஒன்றுமில்லை.

“இங்க இருந்த கோப்ப எங்கண்ணே?” என்று மேஸ்திரி ராஜாங்கத்திடம் கேட்டாள்.

“ரேகை வுழுந்த சரக்குதானே? கழிச்சுப் போட்ட செகண்ட்ஸோட ஜங்ஷன் டீக்கடைக்குப் போயிட்டுது. வண்டி வந்தா அங்க ஒரு கோப்பகூட சும்மா இருக்காது.”

தூரத்தில் ஜங்ஷனுக்கு வரும் கரி ரயில் ஊதியது. அமிர்தம் ஓடிப்போய்க் கட்டைவிரலைப் பானைத் தண்ணீருக்குள் விட்டாள். கொஞ்ச நேரத்தில், அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள்ளேயே விரல் வெந்து கொப்பளித்தது.