காங்கேயம் வரை

விரல்கள் தொடவில்லை.

ஒரு கால் மடிந்து மறு தொடையின் மேல். மறு காலின் முட்டி நிமிர்ந்து நெஞ்சோடு. உடம்பைத் திருகி, கையை முட்டிக்கு வெளியே சுற்றி, முதுகுக்குப் பின்னால் மற்ற கையைப் பிடிக்க வேண்டும்.

இரண்டங்குல இடைவெளி. மூன்று மாதமாக அவளுக்கு அதே இரண்டங்குலம்.

சுற்றிலும் பதினோரு பெண்கள். சிலர் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி முடித்துவிட்டுக் கண்மூடிப் படுத்திருந்தாள். அவரவர் வேகம் அவரவருக்கு. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தொண்டையில் உரசிப் போகும் மூச்சுச் சத்தம் மட்டும் அறை முழுக்க.

வசுமதி டீச்சருக்கு ஒரே கண்டிப்புதான். கொடுத்த ஆசனம் வந்தால்தான் அடுத்தது.

அவளுக்கு அடுத்தது வேண்டும். அதற்கு அடுத்ததும்.

கீழே தெருவில், காருக்குள் கணவன் உட்கார்ந்திருந்தான். அவளுடைய போன் அவனிடம். பெண்கள் வகுப்பு என்பதால் மாடிக்கு வர முடியாது. முதுகுவலிக்கு யோகா செய்யச் சொன்னது டாக்டர். இல்லையென்றால் இதற்கும் விட்டிருக்க மாட்டான்.

சேர்ந்த புதிதில் அரை மணியில் இறங்கிவிடுவாள். ஆசனம் கூடக் கூட நேரமும் கூடியது. முக்கால் மணி. ஒரு மணி. இப்போது ஒரு மணி ஐந்து நிமிடம்.

நேரம் கூடும்போதெல்லாம் கேட்பான்.

"இன்னைக்கு என்ன எக்ஸ்ட்ரா?"

பெயரைச் சொல்வாள். வீட்டில் செய்து காட்டச் சொல்வான். செய்து காட்டுவாள்.

அதன் பிறகு அந்த நிமிடங்கள் அவளுடையவை.

போன வருடம் கோயிலுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சிங்காநல்லூரில் திருச்சி பஸ் ஏறினாள். சூலூரில் காரைக் குறுக்கே நிறுத்தி அவளை இறக்கினான். அன்று முறிந்தது வலது மணிக்கட்டு. எலும்பு கோணலாகக் கூடியது.

அந்தக் கைதான் இப்போது எட்டவில்லை.

ஒரு மணி நேரத்தில் சூலூரைத் தாண்டலாம், அவ்வளவுதான். ஒன்றரை மணி கிடைத்தால் பல்லடம். இன்னும் ஒரு அரை மணி கிடைத்துக் காங்கேயம் போய்விட்டால் அங்கே ரோடு நாலாகப் பிரிகிறது. எந்தப் பக்கம் போனாள் என்று அவனுக்குத் தெரியாது. திருச்சியில் ஜெசிந்தா இருக்கிறாள், கூடப் படித்தவள், ஹாஸ்டல் வார்டன். அப்படி ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

மறுபடி திருகினாள்.

தொடவில்லை.

இடது கையால் வலது கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை நெருப்பாக ஓடியது. பல்லைக் கடித்தாள். மூச்சு அறுந்து அறுந்து வந்தது.

டீச்சர் வந்து பக்கத்தில் குனிந்தார்.

"இன்னைக்கு விட்ருங்க கண்ணு. வர்றப்ப வரும்."

"எனக்கு அடுத்தது வேணும் டீச்சர்."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். அழுகையாக வந்தது. பக்கத்து விரிப்பில் ஒரு மூச்சு நின்று, பிறகு தொடர்ந்தது.

டீச்சர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து கையைப் பிடித்தார். சட்டைக் கை மேலேறியது. உள்புறச் சதையில் நான்கு நீலத் தடங்கள். விரல் விரலாக.

டீச்சரின் கை அங்கேயே நின்றது.

கீழே ஹாரன் அடித்தது. இரண்டு தடவை. அவளுடைய தோள்கள் காதுவரை ஏறியதை டீச்சர் பார்த்தார்.



அவளுடைய முதுகைத் தன் முழங்காலால் தாங்கிக்கொண்டு கையை இழுத்தார். ஏதோ நறுக்கென்றது. அவள் கத்தவில்லை.

விரல் விரலைக் கொக்கி போட்டது.

"விட்றாதீங்க. அஞ்சு மூச்சு."

ஐந்து மூச்சு.

"சரி. அடுத்தது சொல்லித் தர்றேன், பாருங்க."

அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தது. சரியாக வராததையும் டீச்சர் வந்துவிட்டது என்றார். பழைய மாணவிகளுக்கு அது வியப்பாக இருந்தது. அவள் வீட்டில் ஒவ்வொன்றையும் செய்து காட்டினாள். தை பிறந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு வழக்கம்போல காரை விட்டு இறங்கினாள். செருப்பை வாசல் படியில், காரிலிருந்து பார்த்தால் தெரியும்படி விட்டாள். மேலே போய் விரிப்பை விரித்தாள். மூன்று சூரிய நமஸ்காரம். ஆதார் அட்டையும் இரண்டு ஐநூறு ரூபாய்த் தாளும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன.

நான்காவதற்குக் கையைத் தூக்கவில்லை. பாத்ரூமுக்குப் போகிறவள்போல நடந்தாள். துண்டு காயப்போடும் பின் வராந்தா. அங்கிருந்து சந்துக்கு இறங்கும் இரும்புப் படி. பனியில் நனைந்து சில்லென்றிருந்தது.

வெறுங்காலோடு இறங்கினாள்.

யாரும் நிமிரவில்லை. மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு டீச்சரின் போன் அதிர்ந்தது.

"டீச்சர், என் வொய்ஃப் முடிச்சாச்சா? செருப்பு இன்னும் இங்கயே கெடக்குது."

டீச்சர் ஆளில்லாத விரிப்பின் முன்னால் நின்றிருந்தார். பின்கதவு பாதி திறந்திருந்தது.

"இன்னும் இல்லைங்க. இன்னைக்குப் புதுசா நாலு குடுத்திருக்கறனுங்க. அரை மணி நேரம் ஆகும்."



"நாலா? ஒரே நாள்லயா?"

"ஆமாங்க," என்றார் டீச்சர். "நல்லாப் பண்றாங்க."