மனு கேட்ட டிராகன்

அறைக்குள் டமாலென்று ஏதோ விழுந்தது. தெய்வநாயகம் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். மனைவி கோமளா கட்டிலிலிருந்து உருண்டு, தரையில் கிடந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில், வீடியோ கேம் உலகத்துக்குள் நடக்கும் சாகச நாவல் தொடரின் எட்டாம் பாகம், தொள்ளாயிரம் பக்கம். தினம் ஒரு அத்தியாயம், இருவரும் சேர்ந்துதான் படிப்பது என்று முதல் பாகத்திலேயே சத்தியம் செய்திருந்தார்கள். இந்தப் பாகத்தில் இருநூறாம் பக்கம்தான் வந்திருந்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“துரோகி. நான் இல்லாம படிச்சிருக்கே.”

“தன்னைக் கொல்ல வந்தவன்கிட்ட டிராகன் மூணு காப்பி மனு கேக்குதுங்க.”

“சொல்லாதே. இனிமே உன்னோட ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டேன்.”

கோமளாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. இடுப்பிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

“நேத்து நீங்க ஆபீஸ் போன டிக்கெட். எண்ணூறாம் பக்கத்துல இருந்துச்சு. அதைப் பாத்தப்புறம்தான் நான் தனியா படிக்கவே ஆரம்பிச்சேன்.”