பத்துக்கு ஆறு

"ஜோசியம் பாக்கத் தெரியலைன்னா கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு வேற வேலை பாருங்க சார். ஊரைக் கெடுக்காதீங்க."

சொட்டச் சொட்ட நனைந்த குடையை இயக்குநரின் மேஜை ஓரத்தில் சாய்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார் தையல் கம்பெனி முதலாளி. பேன்ட் முழங்கால் வரைக்கும் ஈரம். இருந்த கோபத்தில் அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வெள்ள முன்னறிவிப்பு மையத்தின் இயக்குநர் யாரிடமும் முகம் சுளிக்காத மனிதர். சுளித்தால் மேலிடத்துக்கு போன் போய்விடும் என்ற பயம். இந்த முதலாளிக்கு மேலிடம் என்பது பக்கத்து வீடு மாதிரி.

"முதல்ல உக்காருங்க சார். டீ சொல்றேன்."

"டீ குடிக்கவா வந்தேன்? இந்த சீசன்ல இது மூணாவது எச்சரிக்கை. முதல் ரெண்டு தடவையும் வாய்க்கால்ல கணுக்கால் தண்ணி ஏறலை. ஆனா என் ஆளுங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. எச்சரிக்கை இருக்கிற அன்னிக்கு லீவும் விடணும், சம்பளமும் தரணும்னு ரூல் வேற. யார் அப்பன் வீட்டுப் பணம்?"

நியாயமாகத்தான் பேசுகிறார் என்று இயக்குநருக்குத் தோன்றியது. எச்சரிக்கை கொடுத்தவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வந்தாள். மலையில் பெய்யும் மழையை வைத்து, கீழே வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆபீசில் அவளுக்கு 'மழை மேடம்' என்று பெயர். தூக்கம் கெட்டுக் கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, வெளியே பாரு. இதெல்லாம் ஒரு மழையா? என் வீட்டு ஷவர்ல இதைவிட வேகமாக் கொட்டும்," என்றார் முதலாளி.

"இங்க பெய்யறதை வெச்சு நான் சொல்லலை சார். மேல மலையில விடிகாலையிலேர்ந்து கொட்டுது. அங்க வெச்சிருக்கிற மழைமானி எல்லாமே அதைத்தான் காட்டுது. அந்தத் தண்ணி இறங்கி இங்க வர சாயங்காலம் ஆகும்."

"கண்டிப்பா வருமா?"

"கண்டிப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது. இந்த மாதிரி மழை பத்து தடவை பெஞ்சா, அதுல ஆறு தடவை வாய்க்கால் கரையைத் தாண்டும். மெசேஜ்லயும் அப்படித்தான் போட்டிருக்கோம்."

முதலாளி இயக்குநரைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டீங்களா? பத்துக்கு ஆறு மார்க் வாங்கிட்டு ஊரையே காலி பண்ணச் சொல்றாங்க. என் பையன் ஆறு மார்க் வாங்கிட்டு வந்தா நான் ரேங்க் கார்டுல கையெழுத்தே போட மாட்டேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"சார், உங்க தையல் ஹால் தரைக்குக் கீழே இருக்கு. வாய்க்கால் சுவரை ஒட்டி. நான் நேர்ல வந்து பாத்திருக்கேன். முந்நூறு பொம்பளைங்க உக்காந்து தைக்கறாங்க, ஏறி வர ஒரே ஒரு படிக்கட்டு. தண்ணி உள்ளே வந்தா எப்படி சார் ஏறுவாங்க?"

"வந்தாத்தானே?"

"வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம். எல்லாத்துக்கும் பயந்தா தொழில் பண்ண முடியுமா? நாளைக்கு என் சரக்கு கப்பல் ஏறணும்." அதற்குமேல் அவளிடம் பேச அவருக்கு விருப்பமில்லை. இயக்குநரிடம் திரும்பினார். "எச்சரிக்கையை வாபஸ் வாங்கி ஒரு லெட்டர் கொடுங்க. மத்தியான ஷிஃப்டுக்கு ஆளுங்களை நான் கூப்பிட்டுக்கறேன். முடியாதுன்னா சொல்லிடுங்க, பேச வேண்டிய இடத்துல பேசிக்கறேன்."

'பேச வேண்டிய இடம்' என்றதுமே இயக்குநரின் கை பெல்லுக்குப் போயிற்று.

"சார், வேண்டாம் சார்," என்றாள் அவள். "ரெண்டு தடவை வரலைங்கறதுக்காக மூணாவது தடவையும் வராதுன்னு எந்தக் கணக்குல இருக்கு?"

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா. ஏற்கெனவே நம்ம பேர் கெட்டுக் கிடக்கு."

"அப்ப நான் இதுக்கு ஒத்துக்கலைன்னு அந்த லெட்டர்லயே எழுதுங்க. நாளைக்கு அந்தப் படிக்கட்டுல ஏதாவது ஆச்சுன்னா, யார் சொன்னா, யார் கேக்கலைன்னு தெரியட்டும்."

"என்னம்மா மிரட்டறியா?" என்றார் முதலாளி.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அழுகை இல்லை, ஆத்திரம். அந்த முந்நூறு பேரில் ஒருத்திகூட அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த ஒரே படிக்கட்டுதான் கண்ணில் நின்றது.

லெட்டர் டைப் ஆகி வந்தது. இயக்குநர் பேனாவைத் திறந்தார். ஜன்னல் பக்கம் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சங்கடத்தை மறைக்க எதையாவது பேச வேண்டுமே.

"மழை வலுக்குது போலிருக்கு. உங்க காரைப் படிக்கிட்டயே கொண்டுவரச் சொல்லட்டுமா சார்?"

"கார் எங்க வந்துது? டாக்ஸி பிடிச்சுத்தான் வந்தேன். அவனும் உங்க கேட்டுக்கிட்ட தண்ணி நிக்குதுன்னு தெருமுனையிலயே இறக்கி விட்டுட்டான்."

"ஏன், வண்டி ரிப்பேரா?"

"சேச்சே. எடுத்து ஒரு மாசம்கூட ஆகலை. காலையில உங்க மெசேஜைப் பாத்ததும் முதல் வேலையா மேம்பாலத்து மேல கொண்டுபோய் நிறுத்திட்டேன்." முதலாளி குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். "பத்துக்கு ஆறுன்னா சும்மாவா சார்?"

இயக்குநர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார்.